கிணற்றுக்குள் ஒருவன், கயிற்றில் ஒருவன்

1

எங்கள் ஊர்ச் சங்கத்துப் பிள்ளைகள் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். நாளைக்குச் சமாதானம் வந்தால், எங்கள் காணிகளில் அரசாங்கம் கொண்டுவந்து குடியேற்றிய சிங்களச் சனம் அங்கேயே இருக்கலாமா, எழும்பிப் போக வேண்டுமா? ஊரில் மிஞ்சியிருப்பவர்களும் சிதறிப் போனவர்களும் எழுதுங்கள், சேர்த்து அச்சடிக்கிறோம் என்கிறார்கள். வெள்ளைக்காரன் நாடுகளுக்குப் போனவர்கள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறார்களாம். படித்தவர்கள், எழுதட்டும்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முதுகு காட்டியவன். ஆனாலும் சொல்கிறேன், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் நம் ஊரில் இல்லை. என் காணியில் வேற்றான் குடியிருக்கிறான். வேற்றான் காணியில் நான் குடியிருக்கிறேன். ஒரே தோல், இரண்டு பக்கமும் சூடு வாங்கியிருக்கிறது. நான் சொல்லச் சொல்ல எழுதி, பிழை திருத்தியவள் என் மகள் வசந்தி. அவள் திருத்த முடியாதது என் குணம் மட்டும்தான்.

2

திருகோணமலைக்குத் தெற்கே நான் காடு வெட்டி வயலாக்கியது உங்களுக்குத் தெரியும். கோடரியும் இரண்டு கையும்தான் முதல். அங்கே என்னைத் தெரியாதவன் கிடையாது. இங்கேயும் அப்படித்தான். ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். பெயர் வேண்டாம். படப்பையிலிருந்து வல்லக்கோட்டை வரை எந்தப் புதுக் கிணற்றை எட்டிப் பார்த்தாலும் அதற்குள் நிற்பது நான் வார்த்த உறைதான்.

உறை என்றால் சிமெண்டில் வார்த்த வளையம். ஆள் உள்ளே குந்தி மண் வெட்டும் அகலம். ஒன்றை நிலத்தில் வைத்து, அதற்குள் இறங்கி அடிமண்ணைத் தோண்டத் தோண்ட, அது தன் பாரத்தில் தானே கீழே போகும். மேலே அடுத்ததை ஏற்ற வேண்டும். இப்படியே தண்ணீர் வரைக்கும். இந்தத் தொழிலில் ஒரே ஒரு சட்டம். தொடங்கினால் நிறுத்தக்கூடாது. சில நாள் விட்டுவிட்டால் சுற்று மண் உறையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு யானை வந்தாலும் அசையாது.

அகதி முகாமிலிருந்து வெளியே தங்க அனுமதி வாங்கி, மகன் தவத்தையும் வசந்தியையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தபோது, உறை வார்க்கும் களத்தில் கூலியாகச் சேர்ந்தேன். இரண்டு வருடத்தில் அந்தக் களம் என் கைக்கு வந்தது. நிலம் ஏழுமலையுடையது. ஊருக்குப் பெரிய மனிதர் அவர்தான். மண்ணின் குணம் சொல்லித்தர உள்ளூர்க்காரன் ஒருவனைக் கூட்டாளியாக வைத்துக்கொண்டேன். பெயர் கன்னியப்பன். என் வயதில் பாதி, வாய் என்னைப்போல் இரண்டு மடங்கு.

"இன்னா பெருசு, உன் ஊர்ல கெணறே கெடையாதா? இங்க வந்து எங்க உசுர எடுக்கிறே" என்பான்.

"எங்கட ஊரில் கல்லைத் தட்டினால் தண்ணி வரும். உன்ர ஊரில்தான் சேறு தின்ன வேண்டிக்கிடக்கு" என்பேன்.

அவனும் தவமும் முறை வைத்து உள்ளே இறங்குவார்கள். நான் மேலே கயிறு.

3

முதல் சமாதானம் உங்களுக்கு நினைவிருக்கும். இந்தியப் பட்டாளம் வந்து இறங்கி, இனிச் சண்டை இல்லை என்று வானொலி சொன்ன அந்தக் காலம். பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டு நான் ஒருவனாகக் காணியைப் பார்க்கப் போனேன். போகாமல் எப்படி? அந்தக் காணியில்தான், எங்களைத் துரத்த வந்தவர்கள் என் தம்பி நடேசனை வைக்கோல் போரோடு சேர்த்துக் கொளுத்தினார்கள். நாங்கள் பற்றைச் செடிகளுக்குள் கிடந்து அந்த மணத்தைக் குடித்தோம். அதற்குமேல் அதை எழுதமாட்டேன். வசந்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

போனேன். எரிந்த என் வீட்டுச் சுவர்மேல் தகரம் போட்டு ஒருவன் குடியிருந்தான். பியசேன என்று பெயர். ஊர்காவலுக்கென்று அரசாங்கம் கொடுத்த துவக்கு வாசலில் சாய்ந்திருந்தது. எனக்குச் சிங்களம் வரும். "இது என் வளவு, இறங்கு" என்றேன். அவன் சிரித்தானோ பயத்தில் பல்லைக் காட்டினானோ தெரியாது. எனக்குச் சிரித்ததாகத்தான் பட்டது. மண்வெட்டிப் பிடியால் வாயில் ஒன்று போட்டேன். பல் தெறித்தது. கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினேன். அவன் பெண்சாதி கதறிக்கொண்டு துவக்கைத் தூக்கி அவன் கையில் திணித்தாள். குழலின் முனை என் வயிற்றில் குத்தியது. நான் கழுத்தை விடவில்லை. அவன் விசையை இழுக்கவில்லை. ஒரு பெண்குழந்தை எங்கள் கால்களுக்கு நடுவில் நின்று அழுதது.

இரத்தத்தைத் துப்பிக்கொண்டு அவன் கேட்டான்: "என்னை எங்கே போகச் சொல்கிறாய்? என் ஊரில் எனக்கு ஒரு முழம் மண் இல்லை. லொறியில் ஏற்றி வந்து இங்கே கொட்டினார்கள். இந்த இடத்தின் பெயர்கூட அப்போது எனக்குத் தெரியாது. நாலு போகம் இந்த மண்ணில் குனிந்திருக்கிறேன். பிள்ளை இங்கே பிறந்தது."

"என்ர தம்பி இங்கேதான் எரிஞ்சான்" என்றேன்.

"நான் வரும்போது இங்கே சாம்பல்தான் இருந்தது. யாருடையது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை" என்றான்.

பட்டாளக்காரர் ஓடிவந்து எங்களைப் பிரித்தார்கள். அடுத்த மாதமே சமாதானம் செத்துப்போனது. வள்ளம் பிடித்துத் திரும்பி வந்துவிட்டேன். பியசேன இருக்கிறானா, செத்தானா, தெரியாது. அன்றைக்குக் கேட்டிருந்தால் நான் ஒரே சொல்லில் பதில் சொல்லியிருப்பேன். துரத்து.

4

இந்த வருடம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததும், பெரிய தலைவர் ஒருவர் செத்ததும், பழி எங்கள் நாட்டுப் பெயர்மேல் விழுந்ததும் உலகத்துக்கே தெரியும். எங்கள் களத்திலிருந்து அந்த இடம் சைக்கிள் ஓடும் தூரம். விடிந்தபோது ஊரில் எங்களுக்கு முகம் கொடுக்க ஆள் இல்லை. டீக்கடையில் என் கிளாசைக் கழுவாமல் குப்பையில் எறிந்தான். கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போன வசந்தியை வேன்காரன் ஏற்றவில்லை. தவத்தைப் போலீஸ் காலையில் கூட்டிக்கொண்டு போய், பொழுது சாயும்வரை நிலையத்தில் குந்தவைத்து, கேட்டதையே திரும்பக் கேட்டு அனுப்பியது. இரண்டாம் நாள் உதடு வீங்கி வந்தான்.

அந்த நேரத்தில் ஏழுமலையின் நிலத்தில் ஒரு கிணறு பாதியில் நின்றது. கத்திரி வெயில். நிறுத்தினால் மண் பிடித்துவிடும். "பெருசு, உன் புள்ளைய போலீஸ் வச்சிருக்கட்டும். அவன் முறைக்கும் நானே எறங்கறேன்" என்றான் கன்னியப்பன். சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு இறங்கினான்.

ஆனால் டீக்கடையில் ஓடிய கதை வேறு. கிணற்றுக்குள் இறங்குவது சிலோன்காரன் மகன். உள்ளே ஆயுதம் புதைக்கிறான். அதைக் கேட்டுக்கொண்டு ஒரு கும்பல் வந்தது. முன்னால் வந்தவன் குமார். கன்னியப்பனின் சொந்த அக்காள் மகன்.

"யோவ் சிலோனு, உள்ள எவன்டா கீறான்?"

"கன்னியப்பன். உன்ர மாமன்தான்" என்றேன்.

"பொய் சொல்றான் பாரு! புள்ளய காப்பாத்த எங்க மாமன் பேரச் சொல்றான்!"

உண்மையைச் சொன்னேன். என் வாயிலிருந்து வந்ததாலேயே அது பொய்யானது. கடப்பாரையால் தோளில் அடித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கயிறு கையைவிட்டுப் போனது. உள்ளிருந்து கன்னியப்பன் கத்தினான். உறைக் கிணற்றில் கத்தினால் குடத்துக்குள் கத்தியது மாதிரி, வெறும் முழக்கம்தான் மேலே வரும். எட்டிப் பார்த்தார்கள். உச்சி முதல் கால்வரை களிமண் பூசி ஓர் உருவம். சேறு பூசினவனுக்கு ஏது ஊர்?

ஏற்றுவதற்கு வைத்திருந்த அடுத்த உறையை முழுசாக உள்ளே தள்ளப் பார்த்தார்கள். கிணறும் உறையும் ஒரே அகலம். அது வாயிலேயே இருந்துகொண்டது. என் சம்மட்டியை எடுத்து அதை உடைத்தார்கள். துண்டு துண்டாகத் தூக்கி உள்ளே போட்டார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கெட்ட வார்த்தை. நான் தவழ்ந்து போய் ஒருவன் காலைக் கடித்தேன். அவன் என் முகத்தில் மிதித்தான். உள்ளே இருந்த முழக்கம் நின்றுபோனது.

பிறகுதான் வேலியில் கிடந்த சட்டையைக் குமார் பார்த்தான். பொங்கலுக்கு அவனே எடுத்துக் கொடுத்த சட்டை. "மாமா" என்றான். அவ்வளவு மெதுவாக ஒருவன் பேசி நான் கேட்டதில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் கும்பல் பாதியாகிவிட்டது. மிச்சமிருந்தவர்கள் கிணற்று வாயைச் சுற்றி நின்றார்களே தவிர ஒருவனும் இறங்கவில்லை. துண்டுகள் சரிந்தால் இறங்குகிறவனும் போவான்.

நான் இறங்கினேன். அறுபதைத் தாண்டியவன், ஒரு தோள் தொங்குகிறது, ஒரு கண் மூடியிருக்கிறது. இன்னொரு கயிற்றை வேலிமரத்தில் முடிந்து, இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினேன். நான்தான் இறங்கினேன் என்பதை எழுதாமல் விடமாட்டேன். இரும்பு வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவன் சுருண்டிருந்தான். அதனால் தலை தப்பியது. வலது பாதம் கூழாகிவிட்டது.

"பெருசு, எவன்டா அது மேல?" என்றான்.

"உன்ர ஊர்" என்றேன்.

கயிற்றில் அவனைக் கட்டிவிட்டேன், மேலே நின்றவர்கள் இழுத்தார்கள். ஆஸ்பத்திரியில் அந்தப் பாதத்தைக் கணுக்காலோடு எடுத்துவிட்டார்கள்.

5

கோயில் முன்னால் ஊர் கூடியது. குமாரைப் பற்றிப் பேச அல்ல. எங்களைப் பற்றிப் பேச.

"இவங்க வராம இருந்தா இது நடந்திருக்குமா?" என்று ஒருவன் எழும்பினான். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஏழுமலை என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "பெரியவரே, நீங்க நல்லவருதான். ஆனா ஊருன்னு ஒண்ணு கீது. வெள்ளிக்கெழமக்குள்ள முகாமுக்குத் திரும்பிடுங்க. நாளிக்கு அங்க அமைதின்னு வந்தா உங்க நாட்டுக்கே போயிடலாம்."

நான் எழும்பினேன். கட்டுப் போட்ட கையோடு எழும்பி என் வாழ்க்கையில் பேசாத பேச்சுப் பேசினேன். "என்ர விருப்பத்திலயா நான் இங்க வந்து விழுந்தனான்? கூலியாய் வந்தன், உங்கட ஊருக்கெல்லாம் தண்ணி காட்டினன். இந்த மண்ணில் குனிஞ்ச முதுகு இது. என்ர பிள்ளை இங்க வளர்ந்தவள். எங்களை எங்கே போகச் சொல்றியள்?"

முகத்தில் மிதிபட்டபோது வலிக்காத ஓர் இடம் அப்போது வலித்தது. இந்த வசனத்தை எனக்குத் தெரியும். உடைந்த பல்லோடு, என் கைப்பிடிக்குள் கழுத்தை வைத்துக்கொண்டு ஒருவன் இதைச் சொல்லியிருக்கிறான். அவனுக்கு நான் என்ன பதில் கொடுத்தேனோ, அதே பதிலைத்தான் இந்த ஊர் எனக்குக் கொடுத்தது. எங்கே என்று அல்ல, இறங்கு என்று.

அன்று வீட்டில் தவம் மூட்டை கட்டினான். "இந்தச் சனத்துக்கு நடுவில் இனி ஒரு நாளும் இருக்கேலாது. போவம் அப்பா" என்றான். வசந்தி மூட்டையை அவிழ்த்தாள்.

"எந்த ஊருக்குடா? எனக்கு அந்த ஊர்ல ஓடனது மட்டும்தான் ஞாபகம் கீது. நான் வரல. அடிச்சா இங்கியே அடி வாங்கிக்கறேன்."

என் மகள் வாயில் இந்த ஊர்க் 'கீது' வருகிறதே என்று எத்தனையோ நாள் அவளைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்குத் திட்டவில்லை.

6

எங்களை நிறுத்தியவள் கன்னியப்பன் பெண்சாதி முனியம்மா. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஏழுமலை வாசலுக்கு வந்து நின்றாள். ஊரைக் கூட்டச் சொன்னாள்.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. தோண்டும்போது ஆள் இரத்தம் விழுந்த கிணற்றைப் பாதியில் விடவும் கூடாது, மூடவும் கூடாது. தண்ணீர் கண்டு, முதல் தண்ணீரை இறைத்துக் கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது வருடத்துக்கு ஓர் ஆளைக் கேட்கும் என்பார்கள். ஊரில் அதை மறந்திருந்தார்கள், அல்லது மறந்ததுபோல் இருந்தார்கள்.

"எங்க வூட்டுக்காரன் காலு அந்தக் கெணத்துல கீது" என்றாள் முனியம்மா. "இந்த ஆளு போவட்டும், போவாம கெடக்கட்டும், அது உங்க பாடு. மொதல்ல கெணறு முடியணும். மண்ணு புடிச்ச உறைய இறக்க இந்தப் பெருசத் தவிர இங்க எவனுக்குத் தெரியும்? சொல்லுங்க!"

"எறங்கறவன் குமாரு. கயிறு புடிக்கறவன் இவரு புள்ள. எம் புருசன் மேல கல்லு போட்டவன் அதே அடியில நின்னு ஒரு தபா மேல பாக்கட்டும்."

ஏழுமலை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் தெருமண்ணை அள்ளினாள். அதைத் தூற்றினால் ஊருக்கே சாபம் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் சரியென்று தலையாட்டினார்.

பிடித்த உறையை இளக்குவது எப்படி என்று சொல்கிறேன், அப்போதுதான் மிச்சம் விளங்கும். மேலே மணல் மூட்டைகளை ஏற்றிப் பாரம் வைக்க வேண்டும். சுற்றிலும் தண்ணீர் ஊற்றி மண்ணை ஊறவைக்க வேண்டும். உள்ளே ஒருவன் குந்தி உறையின் அடியைச் சுற்றிச் சுரண்ட வேண்டும். விடும்போது சொல்லாமல் விடும். மொத்தப் பாரமும் ஒரே தாவாகக் கீழே வரும். சுரண்டுகிறவனின் கையோ காலோ அடியில் இருந்தால் அவ்வளவுதான். விடுவதற்கு முன் உறை ஒரு முனகல் முனகும். அது மேலே நிற்பவனுக்குத்தான் கேட்கும். கேட்ட அந்தக் கணத்தில் கயிற்றை இழுத்து ஆளைத் தூக்கிவிட வேண்டும்.

குமார் இறங்கினான். தவம் கயிறு பிடித்தான். என் கை கட்டில் இருந்தது. நான் உறையில் காதை வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். ஊரே வேலியோரம் நின்றது. கிணற்றிலிருந்து அள்ளிப் போட்ட உறைத் துண்டுகள் தவத்தின் காலடியிலேயே கிடந்தன. ஒன்றைக் காலால் தட்டினால் போதும். தட்டவும் வேண்டாம். சும்மா நின்றாலே போதும்.

உள்ளே சுரண்டும் சத்தம். பிறகு குமாரின் குரல்.

"அண்ணே... கயிறு கீதா?"

தவம் பதில் சொல்லவில்லை. அவன் உதட்டுக் காயம் இன்னும் ஆறவில்லை. நாக்கால் அதைத் தடவிக்கொண்டு நின்றான்.

"அண்ணே, கயிறு புடிச்சிருக்கியா? ஒண்ணு சொல்லுண்ணே!"

நான் என் மகனைப் பார்த்தேன். அவன் கண்ணில் இருந்தது எனக்குப் பழக்கமான வெறி. மண்வெட்டிப் பிடியை ஓங்கியபோது என் கண்ணிலும் அதுதான் இருந்திருக்கும். இவன் இப்போது என்ன செய்கிறானோ அதுதான் நாங்கள் என்று தெரிந்தது. வாயைத் திறந்து கட்டளையிட நினைத்தேன். இடவில்லை. அது அவன் கயிறு.

உறை முனகியது.

நான் கத்துவதற்குள் அவன் இழுத்துவிட்டான். காலை மண்ணில் ஊன்றி, பல்லைக் கடித்து, உறுமிக்கொண்டு இழுத்தான். உறை இடிபோல் இறங்கியது. குமார் வளையத்தின் நடுவில் அந்தரத்தில் தொங்கி, கிணற்று வாய்க்கு வந்தான். மேலே வந்ததும் தவம் அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். இரத்தம் வந்தது. வேலியோரத்தில் இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். குமார் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினான்.

"வுடு" என்றான். "நாளிக்கு நான் கயிறு, நீ எறங்குறியா?"

தவம் கயிற்றைச் சுருட்டி அவன் கையில் கொடுத்தான். "இறங்குவன்" என்றான்.

இறங்கினான். அதற்கு முந்திய இரவு முழுக்க நான் தூங்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. கொஞ்ச நாளில் தண்ணீர் வந்தது. முதல் தண்ணீரை முனியம்மா இறைத்துக் கொட்டினாள். வெள்ளிக்கிழமை எப்போதோ கடந்து போயிருந்தது. போங்கள் என்று யாரும் மறுபடி சொல்லவில்லை. இருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. கன்னியப்பன் இப்போது களத்தில் ஒரு காலோடு உட்கார்ந்து சிமெண்டு கலக்கிறான். வாய் குறையவில்லை. அவனும் குமாரும் பேசிக்கொள்வதில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் எழுதவில்லை, கவனியுங்கள்.

7

இனி என் பதில்.

நடேசனைக் கொளுத்தியவனுக்கு அந்த மண்ணில் இடமில்லை. அவன் சிங்களவனாய் இருந்தாலும் சரி, அவனைப்போலச் செய்த நம்மவனாய் இருந்தாலும் சரி. அவர்கள் போக வேண்டிய இடம் மறியற்சாலைக் கம்பிக்குப் பின்னால். வீடும் வளவும் என்னுடையது, அதில் பேச்சில்லை. ஆனால் லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டப்பட்டவன், துவக்கைக் கீழே வைப்பவன், பக்கத்துக் காணியில் இருக்கட்டும். கண்ணீர் விட்டுக் கட்டிப்பிடிக்க நான் வரமாட்டேன். அவன் பல்லை உடைத்ததற்கு மன்னிப்பும் கேட்கமாட்டேன். அவனுக்குக் கிணறு வேண்டும். எனக்குத் தொழில் தெரியும். முதல் நாள் அவன் இறங்கட்டும், கயிறு என் கையில். அடுத்த நாள் நான் இறங்குகிறேன், கயிறு அவன் கையில். மேலே இருந்து ஒரு சத்தமும் வராமல் அடியில் குந்தியிருக்கும் அந்த நேரத்தை இரண்டு பேரும் தாண்டினால் இருக்கலாம். தாண்ட முடியாவிட்டால், எத்தனை அரசாங்கம் கையெழுத்துப் போட்டாலும் ஒருவரும் இருக்க முடியாது. அவனும் முடியாது, நாமும் முடியாது.

இதை எழுதி முடித்துவிட்டு வசந்தி சொல்கிறாள்: "இத்த அனுப்பாதப்பா. உங்க ஊர்க்காரங்களே வந்து உன்ன அடிப்பாங்க."

அடிக்கிறவர்கள் வரலாம். படப்பையில் இறங்கி உறைக்காரர் களம் எது என்று கேட்டால் பச்சைக் குழந்தையும் காட்டும். வலது தோளில் மட்டும் அடிக்காதீர்கள், அது இன்னும் சரியாகக் கூடவில்லை.